பட்டு இல்லாமல் மணவறையில் உட்காரலாமா?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தை மாதக் கடைசியில் கல்யாணம். தோட்டத்து மாரியம்மன் கோவிலில் காலை ஆறு மணிக்கு முகூர்த்தம், அன்று மாலை நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. சிவப்புக் காஞ்சிபுரம் கட்ட அவருக்கு மனமில்லை. கருநீலத்தில் ஒரு கைத்தறிப் பருத்திச் சேலையை நினைத்து வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. பட்டு வேட்டியும் வெற்று மார்புமாக உட்கார அவரும் தயாரில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாராம்: "பட்டு இல்லாம ஒரு கல்யாணமா?" இதோடு இன்னும் மூன்று கேள்வி: மாலைக்குக் கவுன் போடலாமா, கண்டியச் சேலை கட்டலாமா, கறுப்புக்கு இடமுண்டா?

ஹட்டனில் 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். அதில் பாதிக் காலமாகப் பெண் ஜோடிக்கவும் போகிறேன். பட்டு கட்டிய பெண்களைத்தான் அதிகம் ஜோடித்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனாலும் நேராகவே சொல்கிறேன். பருத்தி கட்டலாம், கருநீலமும் கட்டலாம், மாப்பிள்ளை சட்டை போடலாம். தாலி கட்டும் நேரத்தில் துணியை யாரும் பார்ப்பதில்லை, கெட்டிமேளம் காதை அடைத்துவிடும். சிக்கல் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால், கூறைத் தாம்பாளத்தில் இருக்கிறது.

நம் தோட்டத்துக் கல்யாணங்களில் பெண் இரண்டு சேலை கட்டுகிறாள். மணவறைக்கு முதலில் வரும்போது கட்டியிருப்பது பெண் வீட்டுச் சேலை. பல குடும்பங்களில் அது தாய்மாமன் எடுத்துக் கொடுத்தது. அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறைச் சேலை, தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு தாம்பாளத்தில் சபையைச் சுற்றி வரும். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு ஆசீர்வதித்து அனுப்புவார்கள். பெண் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மாற்றிக் கட்டி வந்தபிறகுதான் தாலி. ஆக, முதல் சேலை உங்களுடையது. இரண்டாவதை நீங்கள் உடுத்தினாலும் அது அவர்களுடையது. உங்கள் மாமியார் சண்டை போடுவது தன் சேலைக்காக. இதைப் புரிந்துகொள்ளாமல் "என் கல்யாணம், என் உடுப்பு" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும்.

நான்கு வருடம் முன்பு இப்படி ஒரு மாமியார் என் கடைப் படியில் உட்கார்ந்து அழுதார். மருமகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் லினன் சேலை, கரையே இல்லை. "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா தாம்பாளத்த நாப்பது பேர் தொட்டுப் பாப்பாங்க. மகனுக்கு ஒரு சேல எடுக்க வக்கில்லன்னு தானே சொல்லுவாங்க?" அவர் பயம் பட்டைப் பற்றியது இல்லை, கை சுருங்கிய வீடு என்ற பெயரைப் பற்றியது. அந்தப் பெண்ணிடம் பேசி, மாமியாரையும் கூட்டிக்கொண்டே கடைக்குப் போகச் சொன்னேன். கடைசியில் எடுத்தது பருத்திதான். ஆனால் இரண்டு விரற்கடைக் கரையும் கனமான முந்தானையும் உள்ள நல்ல மாம்பழ மஞ்சள் சேலை. தாம்பாளத்தில் மடித்து வைத்தபோது பெரிதாகவே தெரிந்தது. தொட்டுப் பார்த்த நாற்பது பேரும் விலையைக் கூட்டியே மதிப்பிட்டார்கள் என்று பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

பட்டுதான் நம் ஆதி வழக்கம் என்று யாராவது ஆரம்பித்தால் ஒன்றைச் சொல்லலாம். அகநானூற்றின் 86ஆம் பாட்டு ஒரு கல்யாணத்தை அப்படியே காட்டுகிறது. பந்தல், புது மணல், விளக்கு, பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் நீராட்டுவது எல்லாம் வருகிறது. அதில் மணப்பெண் உடுத்தியிருப்பது கோடிக் கலிங்கம். கலிங்கம் என்றால் துணி, கோடி என்றால் புதுசு. இன்றைக்கும் தோட்டத்தில் கோடி என்ற சொல் அதே பொருளில் புழங்குகிறது. பழைய வழக்கம் கேட்பது புதுத் துணியை. பட்டு அதன்மேல் பிறகு வந்து ஏறிக்கொண்ட விஷயம். ஆனால் பாட்டைச் சொல்லி மாமியாரை மடக்கப் போகாதீர்கள். மடங்கினாலும் மனசு ஆறாது. உங்கள் சொந்தத் தைரியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கூறை கோடியாக இருக்கவேண்டும் என்பதால் வாடகைச் சேலை கூறையாக முடியாது, அம்மாச்சியின் பழைய சேலையும் முடியாது. மற்ற வேளைக்கு எதையும் கட்டலாம். இந்த ஒன்றில் பெரியவர்கள் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

காசுக் கணக்கையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். தோட்டத்தில் நாள் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் 40,500 ரூபாய்ச் சேலை என்றால் சரியாக 30 பேர், அதாவது 30 நாள் வேலை. ஒரு நாள்கூட அரைப்பேர் விழாமல் ஒரு அம்மா மலையேறி எடுத்த ஒரு மாதக் கொழுந்து. அதைக் கட்டுவது முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம். பிறகு பொலித்தீன் பையில் அலுமாரிக்குள் போய்விடும். நம் ஊர் ஈரத்துக்குப் பொலித்தீன் பட்டுக்கு எமன். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளி இழையில் பொன் பூசிய ஜரிகை கறுத்துப் போகும். வைத்திருப்பவர்கள் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். எத்தனையோ நல்ல காஞ்சிபுரங்கள் மடிப்பிலேயே வெட்டுப்பட்டு என் மேசைக்கு வந்திருக்கின்றன.

இனி உங்கள் கருநீலச் சேலை. நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது. மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் வெளிர் ரோஸ், கிரீம், சாம்பல் எல்லாம் புகைப்படத்தில் கரைந்துவிடும். பச்சை தேயிலைக்குள் காணாமல் போகும். கருநீலம், குங்குமச் சிவப்பு, கடுகு மஞ்சள் மூன்றும்தான் எந்த மூட்டத்திலும் எழுந்து நிற்கும். ஆனால் சாயத்தைப் பாருங்கள். நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு பெண்ணுக்கு அவுரி நீலச் சேலை கட்டிவிட்டேன். பெண் ஆசை ஆசையாக எடுத்தது, கழுவாமல் கொண்டுவந்தாள். நானும் கேட்கவில்லை. அன்று தூறல். பந்தலுக்கு வரும் வழியில் முந்தானை நனைந்துவிட்டது. மணவறையில் மாப்பிள்ளையின் துண்டோடு முந்தானையை முடிச்சுப் போட்டு மூன்று சுற்று வந்தார்கள். முடிச்சை அவிழ்த்தபோது துண்டில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். வேட்டியின் இடப்பக்கம் முழுக்க நீலத் தீற்றல். பெண்ணின் இடுப்பிலும் நீலம், மஞ்சள் பூசிய கையில் அது பட்டுப் பச்சையாகியிருந்தது. ஒரு கிழவி, "ஏண்டி, பொண்ணு ஜோடிச்சியா இல்ல வண்ணாந் தொறைக்குக் கூட்டிப் போனியா?" என்று கேட்டார். இன்றைக்கும் அந்தத் தோட்டத்துப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்கிறேன்.

அவுரிச் சாயம் நூலோடு கெட்டியாகச் சேராது, மேலே ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். அதனால் உரசினால் வரும். உப்பு, வினாகிரி எல்லாம் போட்டாலும் அது கேட்காது. சேலை வாங்கியதும் உள்முனையில் ஒரு இடத்தில் நனைத்த வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி இருபது தடவை தேயுங்கள். லேசாக வந்தால் பச்சைத் தண்ணீரில் தனியாக மூன்று நான்கு முறை அலசி நிழலில் உலர்த்துங்கள். அதற்குப் பிறகும் நீலம் வந்தால் அந்தச் சேலையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மணவறைக்கு வேண்டாம். அவுரிதான் வேண்டும் என்றில்லாவிட்டால், கருநீலத்திலேயே கெட்டிச் சாயம் போட்ட கைத்தறி கிடைக்கும். மருதமுனைத் தறிச் சேலைகளை நான் நிறையத் தொட்டிருக்கிறேன். மடிப்பு நிற்கும், கரை நன்றாக இருக்கும்.

மற்றது குளிர். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதக் காலைகளில் அங்கே புல்லில் உறைபனி விழும். உங்கள் தோட்டமும் அதற்கு ரொம்பக் கீழே இல்லை. பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு கனத்துவிடும், உடம்போடு ஒட்டிக் குளிரும். அந்த விஷயத்தில் பட்டுதான் கெட்டிக்காரி, மெல்லிசாக இருந்தும் சூட்டை விடாது. பருத்தி கட்டுவதென்றால் உள்ளே செய்யவேண்டியதைச் செய்யுங்கள். பாவாடையைப் பொப்ளினில் தைக்காமல் பிளனலில் தைத்துக்கொள்ளலாம். ஜாக்கெட்டை முழுக்கை வெல்வெட்டில், கழுத்தை மட்டும் கொஞ்சம் இறக்கி. கருநீலப் பருத்திக்குக் கருஞ்சிவப்பு வெல்வெட் ஜாக்கெட் போட்டால் காஞ்சிபுரத்தைக் கேட்ட கிழவிகளும் வாயை மூடிக்கொள்வார்கள். வெல்வெட்டில் ஒரே கஷ்டம், குண்டூசி குத்திய தடம் மறையாது. குத்துகிற இடத்தில் உள்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பருத்தி மட்டும்தானா? மாத்தளை அலுவிகாரையில் ஏனா த சில்வா வளர்த்த பாடிக் வேலை நம் மலைக்குப் பக்கத்துச் சொத்து. பட்டில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய பாடிக் சேலை வரவேற்புக்கு அருமையாக இருக்கும். மெழுகு வெடித்த இடங்களில் ஓடும் மெல்லிய நரம்புக் கோடுகள் எந்த இயந்திரத்துக்கும் வராது. கண்டிக்குப் பக்கத்தில் தும்பறைப் பாய் நெசவு இருக்கிறது, 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கோலங்களைக் கரையாக வைத்து நெய்த சேலைகளும் உண்டு.

என்னைக் கேட்டால் இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. நம் பாட்டன் பூட்டன் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் என்று புறப்பட்டு வந்தவர்கள். அந்த மண்ணின் சேலைகள் இன்றும் நெய்யப்படுகின்றன. மதுரைச் சுங்குடிக்கு 2005இலும், காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இலும் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. சுங்குடி என்பது துணியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பது. அவிழ்த்தால் ஒவ்வொரு கட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. கண்டாங்கி கட்டம் போட்டது, அகலக் கரை, முரட்டுப் பருத்தி. என் அப்பாயி கட்டியது கண்டாங்கிதான். கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டுவார். குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும்போது முன்னால் எதுவும் தடுக்காது. மலையேறும் பெண்ணுக்கு அதைவிட நல்ல கட்டு இல்லை.

போன வருடம் ஒரு ஆசிரியைக்கு இந்தப் பின்கொசுவம் கட்டிவிட்டேன். மஸ்கெலியாப் பக்கம், வரவேற்புக்கு மட்டும். அரக்கும் கறுப்பும் கலந்த கண்டாங்கி, கையில் கண்ணாடி வளையல், காதில் தண்டட்டி மாதிரிச் செய்த வெள்ளித் தோடு. கட்ட எனக்கே தெரியவில்லை, அவளுடைய அம்மாச்சிதான் கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்லிக் கொடுத்தார். "அந்தப் பக்கம் இல்லடி, இடது பக்கம் சுத்து, இப்ப சொருகு." எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கை, காற்றிலேயே கொசுவம் மடித்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் அந்தப் பெண் நுழைந்தபோது இளசுகள் ஃபோனைத் தூக்கினார்கள், கிழவிகள் எழுந்து கிட்டே வந்து கரையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

வீட்டில் அப்பாயி, அம்மாச்சி சேலை ஒன்று மிச்சமிருந்தால் வெட்டுவதற்கு முன் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் சேலையாகக் கட்டாதீர்கள், உட்காரும்போது கிழியும். முந்தானையை மட்டும் எடுத்து ஜாக்கெட்டின் முதுகில் வைத்துத் தைக்கலாம். கோடிப் பிரச்சினையும் இல்லை, பாட்டியும் கூடவே மணவறைக்கு வந்துவிடுகிறார்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருவோம். கேள்வியில் ஒரு வரி வருகிறது, எப்போதும் ஒரு வரிதான் வரும். பாவம், ஆண்பிள்ளைகள்.

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு கோவில், தை மாதம், விடியற்காலை. மாப்பிள்ளை வெற்று மார்பில் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தார். சந்தனம் குளிர்ச்சி என்பது தெரிந்ததுதானே. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அவர் பல் தாளம் போட்டது. தாலியை எடுத்தபோது விரல் மரத்துப் போய் முதல் முடிச்சே விழவில்லை. இரண்டாவது தடவையும் நழுவியது. பின்னால் நின்ற அக்கா "விடுடா, நான் போடுறேன்" என்று மூன்று முடிச்சையும் போட்டு முடித்தார். சபையே சிரித்தது. தாலி முடிந்ததும் ஒரு பாட்டி முதுகில் கம்பளியைப் போர்த்திவிட்டார். வீடியோவில் முக்கால்வாசி நேரம் மாப்பிள்ளை கம்பளிக்குள்தான் இருக்கிறார். அவர் சட்டை கேட்டிருந்தால் அன்று யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

ஆகவே சட்டை போடச் சொல்லுங்கள். கோவில் பூசாரியிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்து மாரியம்மன் கோவில்களில் பெரும்பாலும் தடை இருக்காது, சில பெரிய கோவில்களில் மேல்துணியைக் கழற்றச் சொல்வார்கள். என் யோசனை, வேட்டியை விடாமல் மேலே கழுத்து மூடிய ஜோத்புரி கோட். வேட்டிக்கும் கோட்டுக்கும் ஒத்து வராது என்று நினைப்பீர்கள். தொடை வரை இறங்கும் நீளத்தில் தைத்தால் கம்பீரமாக இருக்கும். அந்தக் காலத்துத் தமிழ்ப் பெரிய மனிதர்களின் படங்களில் வேட்டிக்கு மேல் கோட் போட்டவர்கள் எத்தனை பேர்! அதில் ஒன்றும் புதுமை இல்லை, நாம்தான் மறந்துவிட்டோம். கோட்டுக்குள் போட மெல்லிய குளிர் உடுப்பு நுவரெலியா பேல் பஜாரில் கிடைக்கும்.

காற்சட்டை போடுவதென்றால் அளவு எடுக்கும்போது சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். நின்று அளவெடுத்த இறுக்கக் காற்சட்டையில் ஒரு தம்பி மணவறையில் உட்கார்ந்தார். டர்ரென்று ஒரு சத்தம். நல்லவேளை, மேளக்காரர் புண்ணியவான், அதே நேரம் அடித்தார். எழுந்திருக்கும்போது துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டார். அதனால்தான் சொல்கிறேன், எந்த உடுப்பாக இருந்தாலும் தோளில் ஒரு துண்டு கட்டாயம் இருக்கட்டும். முந்தானையோடு முடிச்சுப் போட அதுதான் வேண்டும். வெறும் கோட்டில் எதை எதோடு முடிவது?

பெண்ணின் சேலைத் துணியிலேயே மாப்பிள்ளைக்குக் குர்தா தைப்பது இப்போது பரவியிருக்கிறது. எனக்குப் பிடிக்காது. இரண்டு பேரும் ஒரே தானில் வெட்டின திரைச்சீலை மாதிரி இருப்பார்கள். அவள் ஜாக்கெட்டின் நிறத்தை இவர் துண்டின் கரையில் கொண்டுவந்தால் போதும்.

மாலைக்குக் கவுன்? தாராளமாக. மண்டபத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. படிகளை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். லயத்து வரிசை வீட்டிலிருந்து வான் நிற்கும் பாதைக்கு எத்தனை படி? மழை பெய்த செம்மண்ணில் தரையைப் பெருக்கும் கவுனும் குதியுயர்ந்த செருப்பும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வரவேண்டிய சாமான்கள். ஒரு பெண் வலைத்துணி லெஹங்காவோடு குறுக்குப்பாதையில் இறங்கி, தேயிலைக்குள் நின்று படம் எடுத்துவிட்டு மண்டபத்துக்கு வந்தாள். மேடையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கீழே ஒரு சிவப்புப் பொட்டு. பாவாடையின் உள் வலையடுக்கில் மூன்று அட்டை, வயிறு நிறைந்து தொங்குகின்றன. நான் மேடைக்குப் பின்னால் குனிந்து, உப்பும் எலுமிச்சையும் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். முன்னால் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கவுன் என்றால் மண்டபத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள், நீளம் கணுக்காலோடு நிற்கட்டும், தேயிலைப் படங்களைச் சேலையில் முடித்துவிடுங்கள்.

கண்டியச் சேலைக்கு என் பதில் கொஞ்சம் தயக்கமானது. கல்யாணத்தில் ஒரு வீடு சிங்கள வீடு என்றால் ஒசரி, அதாவது அந்தக் கண்டியக் கட்டு, கட்டுவது அழகான மரியாதை. அப்படி ஒரு பெண்ணுக்குக் காஞ்சிபுரத்தையே ஒசரிக் கட்டில் கட்டிவிட்டிருக்கிறேன், இடுப்பில் சிறு கொசுவம் விசிறி மாதிரி நிற்க, முந்தானை தோளிலிருந்து நேராகத் தொங்க. இரண்டு பக்கத்து அம்மாக்களும் தங்கள் சேலை என்றே நினைத்துக்கொண்டார்கள். நெற்றியில் நலல்பட என்ற சுட்டி, அடுக்கு மாலைகள் என்று முழு அலங்காரமும், மாப்பிள்ளைக்கு நாற்கோணத் தொப்பியோடு நிலமே உடையும் வெறும் படத்துக்காக வாடகைக்கு எடுப்பதென்றால் நான் வேண்டாம் என்பேன். அது கண்டிப் பிரதானிகளின் உடை, அதை இன்றும் சடங்காகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டியின் கடைசி அரசன் கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்து, 1815இல் பிடிபட்டு, வேலூரில் கண்மூடியவர்தான். அதைச் சொல்லி உரிமை கொண்டாடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை.

கறுப்பு, தாலிகட்டுக்கு வேண்டாம். அதற்காகச் சண்டை பிடிக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை. மாலைக்குப் போடுங்கள், கறுப்புக்குப் பொன் கரை மாதிரி வேறெதுவும் எடுப்பதில்லை. ஒரு சின்னக் கதை. என் பெரியப்பா கல்யாணம் கட்டியதே கறுப்புச் சட்டையில்தான், அறுபதுகளில். பெரியார் 1932இல் ஐரோப்பாப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கிப் பேசினார். அந்தச் சுயமரியாதைக் காற்று தோட்டங்களுக்குள்ளும் வீசியது. ஐயர் இல்லை, அக்கினி இல்லை, இரண்டு மாலை, ஒரு மேடைப் பேச்சு. தமிழ்நாட்டில் அந்த மாதிரிக் கல்யாணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டதே 1967இல்தான். பெரியம்மா கட்டியிருந்தது வெள்ளைப் பருத்திச் சேலை, சிவப்புக் கரை. உங்களைவிடப் பெரிய கலகக்காரர்கள் உங்கள் தோட்டத்திலேயே இருந்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

வெள்ளையை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலருக்கு அந்த ஆசை உண்டு. நம் வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெண்கள் வெள்ளைச் சேலையும் முக்காட்டு வலையுமாகத்தான் கோவிலில் நிற்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் வழக்கம், சிவப்புக் கட்டினால்தான் கலகம். வெள்ளைக்காரர்களிடமே 1840இல் விக்டோரியா ராணி வெள்ளையில் மணம் முடித்தபிறகுதான் அது பரவியது. சைவப் பெண் வெள்ளை கட்ட விரும்பினால் தந்த நிறமும் சிவப்புக் கரையும் எடுங்கள், எதிர்ப்பு பாதியாகும். அட்சதை, நலங்கு மஞ்சள் பட்டால் பதறிப்போய்ச் சவர்க்காரம் போடாதீர்கள். மஞ்சள் சவர்க்காரத்தில் பட்டால் ரத்தச் சிவப்பாகும். அது நிரந்தரமில்லை. அலசிவிட்டு இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டால் கறை வெளிறிப் போகும். தை மாதத்தில் அந்த வெயில் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

கொழுந்துக் கூடையும், கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் சுற்றும் படங்கும் கட்டிப் படம் எடுக்கும் பழக்கம் வந்திருக்கிறது. கூடையையே சுமக்காதவர்கள் வந்து வேஷம் போடுவது எனக்கு ரசிக்கவில்லை. ஆனால் ஒரு பெண் வந்தாள். அம்மா 30 வருடம் கொழுந்து எடுத்தவர், மகள் இப்போது தாதி. ஜாக்கெட்டின் முதுகில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் வேண்டும் என்றாள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஆரி ஊசியால் நான்கு நாள் வேலை. இலைக்கு மூன்று பச்சை, மொட்டுக்கு வெள்ளி கலந்த வெளிர்பச்சை. முடித்ததும் அவள் அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த எல கொஞ்சம் முத்திப் போச்சு, கணக்கப்புள்ள கழிச்சிருவாரு" என்றார். பிரித்து மறுபடி போட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கோவிலுக்கு வரும் முதல் சேலையாகக் கருநீலக் கைத்தறி, கருஞ்சிவப்பு வெல்வெட் ஜாக்கெட். கூறையை மாமியாரிடம் விட்டுவிடுங்கள், ஆனால் கடைக்கு நீங்களும் போங்கள். சிவப்புக்குப் பதில் அரக்கோ கடுகு மஞ்சளோ என்று ஒரு நிறத்தை மட்டும் கேளுங்கள், பட்டா பருத்தியா என்ற வாதத்தை நீங்கள் தொடங்காதீர்கள். அவராக "இதுவும் நல்லாருக்கே" என்று ஒரு மெல்லிய பட்டிலோ பட்டும் பருத்தியும் கலந்ததிலோ கை வைத்தால் தலையாட்டுங்கள். கூறை எதுவானாலும் அதே ஜாக்கெட் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி நான் பார்த்துக்கொள்வேன். அந்தக் குளிரில் இரண்டு தடவை ஜாக்கெட் மாற்றுவது வேண்டாத வேலை. மாலைக்குக் கண்டாங்கியா கவுனா என்பது உங்கள் பாடு.

சேலையைக் கார்த்திகைக்குள் வாங்கி, நான் சொன்ன மாதிரி தேய்த்துப் பார்த்து, அலசி எடுத்து வாருங்கள். மாப்பிள்ளையின் கோட்டுக்கு இரண்டு தடவை அளவு பார்க்கவேண்டும், கொழும்பிலிருந்து வரும்போது வேட்டியும் கொண்டுவரச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் வேண்டாம், அப்போது கடையில் எனக்கே உட்கார இடமிருக்காது. மாமியாரையும் கூட்டி வாருங்கள், தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.